27 ஆண்டுகள் ஒரே துணைவேந்தர்: வடசென்னைக்கு என்ன கிடைத்தது?

கொருக்குப்பேட்டை குமரன்:
சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் ஒருவரே துணைவேந்தர். இன்று பதவிக்காலம் மூன்று ஆண்டு; 2023 ஆகஸ்டில் காலியான இடமோ நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்தது. அதைக் காட்டியே பழையதைப் பொற்காலம் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ஒருவரே கால் நூற்றாண்டு அமர்ந்தால் அடுத்தவர் எங்கிருந்து முளைப்பார்?

ராயபுரம் ஓய்வாசிரியர்:
தம்பி, அவர் நாற்காலியைத் தேய்க்க வந்தவர் அல்லர். மகப்பேறு மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்தவர். இயற்பியல் துறைக்கு சி.வி. ராமனை அழைத்தார், ராமன் தாம் வராமல் தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952இல் முப்பது வயதுக்காரரிடம் ஒரு துறையையே ஒப்படைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 1954இல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பு இங்கிருந்துதான் வெளிவந்தது.

கொருக்குப்பேட்டை குமரன்:
1952இல் நியமனம், 1954இல் முடிவு. நீங்களே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் ஐயா. மீதி 25 ஆண்டு எதற்கு?

ராயபுரம் ஓய்வாசிரியர்:
அவசரப்படாதே. புரத ஆய்வாளர்கள் இன்றும் கையாளும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல்தான் வந்தது. அதுவரை கருவிக்கும் ஆளுக்கும் பணம் தேடித் தர, மேலே மாறாத ஒருவர் இருந்தார். மூன்றாண்டுக்கு ஒருவர் வந்திருந்தால், புதியவரிடம் முதலிலிருந்து விளக்குவதிலேயே பேராசிரியரின் காலம் போயிருக்கும்.

கொருக்குப்பேட்டை குமரன்:
முதலியார் 1969இல் போனார். சில ஆண்டுகளுக்குள் ராமச்சந்திரனும் பெங்களூருக்குப் போய்விட்டார். நான் சொல்வதும் அதைத்தான்: துறை ஆளை நம்பி நின்றது, அமைப்பை நம்பி அல்ல. போதாக்குறைக்கு முதலியாருக்கு எத்தனை நாற்காலிகள்! 1952–53இல் மத்திய அரசின் இடைநிலைக் கல்விக் குழுத் தலைவர், 1959–61இல் சுகாதாரக் குழுத் தலைவர், 1961இல் உலக சுகாதார மாநாட்டுத் தலைவர். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகக் கோப்புகளைப் பார்த்தது யார்?

வண்ணை வாசுகி:
இருவரும் நம் வடசென்னைப் பக்கம் கொஞ்சம் திரும்புங்கள். பல்கலைக்கழக வளாகங்கள் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு, மதுரவாயல். பேசின் பாலம் தாண்டி வடக்கே ஒன்றுமில்லை. அந்த 27 ஆண்டுகளில் நமக்கு வந்தவை 1950இல் தியாகராயா கல்லூரி, 1964இல் பாரதி மகளிர் கல்லூரி.

ராயபுரம் ஓய்வாசிரியர்:
அந்தக் கல்லூரிகளுக்கு இணைப்பு அங்கீகாரம் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்லவா, அம்மா?

வண்ணை வாசுகி:
முத்திரை குத்தியதைக் கொடை என்று எழுதாதீர்கள். எனக்கு வேறு ஆதங்கம். தொழிற்சாலைகளுக்கு அருகிலேயே தொழில்நுட்பப் பள்ளிகள் வேண்டும், அதற்குத் தொழில்களிடம் கல்வி வரி வாங்க வேண்டும் என்று அவர் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழுதான் பரிந்துரைத்தது. துறைமுகமும் பின்னி ஆலையும் அருகில் இருந்த நமக்காகவே எழுதியது போன்ற வரிகள். டெல்லிக்கு எழுதித் தந்ததைத் தம் ஊரில் செய்து காட்டச் சொல்லி, அத்தனை ஆண்டு துணைவேந்தராக இருந்தவர் ஏன் அரசை நெருக்கவில்லை?

ராயபுரம் ஓய்வாசிரியர்:
பள்ளிகள் அரசின் கையில். துணைவேந்தருக்கு அங்கே அதிகாரம் கிடையாது.

வண்ணை வாசுகி:
அதிகாரம் இல்லைதான். செல்வாக்கு இருந்ததே! அதைச் சேர்க்கத்தானே நீண்ட பதவிக்காலம் உதவும் என்று இவ்வளவு நேரம் வாதாடினீர்கள்?