ரோசா பார்க்ஸின் பின் இருக்கையில் இருப்பவர் யார்? கறுப்பினத் தலைவர்களைப் பற்றி நாம் பார்த்ததும் கேட்டதும்

அட்லாண்டா வாசி:

எங்கள் மகளின் பள்ளியில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கறுப்பினத் தலைவரைப் பற்றிச் சுவரொட்டி செய்ய வேண்டும். இவள் ரோசா பார்க்ஸை எடுத்துக்கொண்டாள். அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில், வெள்ளைக்காரருக்காகக் கறுப்பினத்தவர் பேருந்து இருக்கையை விட்டு எழ வேண்டும் என்ற சட்டத்தை மீறி, எழுந்திருக்க மறுத்துக் கைதானவர். இணையத்தில் தேடியதும் முதலில் வந்தது நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கும் அந்தப் படம்தான். பேருந்தின் ஜன்னலோரம் ரோசா வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின் இருக்கையில் இறுகிய முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர்.

"இவருதான் எந்திரிக்கச் சொன்னவராப்பா?" என்று கேட்டாள்.

அவர் பெயர் நிக்கோலஸ் கிரிஸ். யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர். ரோசா கைதானது 1955 டிசம்பர் 1. இந்தப் படம் எடுத்தது 1956 டிசம்பர் 21. அந்தக் கைதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 381 நாள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு வென்று, மான்ட்கோமரியில் யாரும் எந்த இருக்கையிலும் உட்காரலாம் என்றான முதல் நாள். பத்திரிகைகளுக்காக உட்கார வைத்து எடுத்த படம் அது. 7053 என்ற எண்ணைப் பிடித்தபடி ரோசா இருக்கும் கைதிப் படத்திலும் இதே குழப்பம்தான். முதல் கைதின்போது எடுத்தது என்றே எங்கும் போடுகிறார்கள். உண்மையில் அது 1956 பிப்ரவரியில், புறக்கணிப்பை நடத்தியவர்களை மொத்தமாகக் கைது செய்தபோது எடுத்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரு ஊரே நடந்து நடந்து வென்ற போராட்டம், இந்த இரண்டு படங்களால் ஒரே ஒரு மாலை நேரச் சம்பவமாகச் சுருங்கிவிடுகிறது. அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்து வந்த விடுமுறையில் குடும்பத்தோடு மான்ட்கோமரிக்குக் கிளம்பினோம். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்.

ரோசா கைதான இடத்திலேயே இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு கறுப்பினப் பாட்டி எங்களோடு பேச ஆரம்பித்தார். அவருடைய அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர். அந்த ஒரு வருடமும் நடந்தே வேலைக்குப் போனவர். மகளின் சுவரொட்டியைப் பற்றிக் கேட்டதும் பாட்டி, "வேலை செஞ்சு களைச்சுப்போன தையல்காரி, அதனால எந்திரிக்கலைன்னு எழுதியிருக்கியா கண்ணு?" என்றார். இவள் தலையாட்டினாள்.

பாட்டி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிசையாகச் சொன்னார். ரோசாவுக்கு அப்போது வயது 42தான். 1943 முதல் கறுப்பின உரிமைச் சங்கத்தின் மான்ட்கோமரிக் கிளைச் செயலாளர். 1944இல் ஆபிவில் என்ற ஊரில் ரெசி டெய்லர் என்ற பெண்ணை வெள்ளைக்கார ஆண்கள் கூட்டாக வன்புணர்ந்தபோது, விசாரிக்க அந்த ஊருக்கே போனவர் ரோசா. 1955 கோடையில் டென்னசியில் ஹைலேண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். பணிந்து பணிந்து போவதில்தான் சலிப்பு வந்தது, உடம்புக் களைப்பு இல்லை என்று ரோசாவே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பாட்டி சொன்னவற்றில் என்னை அதிகம் கட்டிப்போட்டது ஜார்ஜியா கில்மோரின் கதை. உணவு விடுதி ஒன்றில் சமையல்காரர் அவர். புறக்கணிப்பை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில், பேருந்து ஓட்டுநர்கள் செய்த அவமானங்களைச் சாட்சி சொன்னார், வேலை போனது. வீட்டு அடுப்படியையே உணவகமாக்கினார். அவரும் தோழிகளும் கோழி வறுத்து, கேக் சுட்டு, அழகு நிலையங்களிலும் டாக்சி நிறுத்தங்களிலும் விற்று, அந்தக் காசை வாராந்திரக் கூட்டங்களில் கொண்டுவந்து கொட்டுவார்கள். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப்போன கார்களுக்கு அந்தக் காசில்தான் பெட்ரோல். குழுவில் பல பெண்கள் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் "எங்கிருந்தும் வராத சங்கம்" என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை!

1990இல், வாக்குரிமைக்காக நடந்த செல்மா பேரணியின் 25ஆம் ஆண்டு நினைவுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜார்ஜியா இறந்துபோனார். அவர் சமைத்து வைத்ததையே துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார்களாம். எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் இந்த அம்மாவைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

நியூ ஜெர்சி தமிழ்ப் பள்ளி ஆசிரியை:

அண்ணா, கிளாடெட் கொல்வின் பெயரையும் இங்கே சேர்க்கிறேன். 1955 மார்ச் 2. ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பு. அதே மான்ட்கோமரி, அதே சட்டம். பதினைந்து வயதுப் பள்ளிப் பிள்ளை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்புதான் பள்ளியில் கறுப்பின வரலாறு பாடம் நடந்திருந்தது. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹேரியட் டப்மன் ஒரு தோளையும் சோஜர்னர் ட்ரூத் ஒரு தோளையும் பிடித்து உட்காரவைத்ததுபோல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

எங்கள் வகுப்பில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "எங்க வயசா? பிறகு ஏன் டீச்சர் அவங்க போஸ்டர் எங்கயும் இல்ல?" என்றாள். உள்ளதைச் சொன்னேன். ஏழை வீட்டுப் பிள்ளை, நிறம் கூடுதல் கருப்பு, வாய்த்துடுக்கு என்று பெயர். பிறகு திருமணமாகாமலே கர்ப்பமானார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிடும் என்று இயக்கத் தலைவர்களே பயந்தார்கள். எப்படிப்பட்ட முகத்தை நாளிதழ் ஏற்றுக்கொள்ளும் என்று யோசித்துத்தான் போராட வேண்டியிருந்திருக்கிறது. வகுப்பு வெகுநேரம் அமைதியாகிவிட்டது.

ஆனால் பேருந்துச் சட்டத்தை நீதிமன்றத்தில் உடைத்தது ரோசாவின் வழக்கு இல்லை. பிரவுடர் எதிர் கேல் என்ற வழக்கு. அதில் வழக்குத் தொடுத்த நான்கு பெண்களில் கிளாடெட்டும் ஒருவர். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அவர் மீதிருந்த பழைய சிறார் வழக்குப் பதிவை அழிக்க 2021 வரை ஆனது.

டெட்ராய்ட் பக்கத்துக்காரன்:

ரோசா கைதான அந்தப் பேருந்து இங்கே டியர்போர்னில், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே ஏறி உட்காரலாம். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை எல்லாம் அங்கே கூட்டிப்போவேன். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். இறங்கியதும் கதை முடிந்துவிடும்.

என்னோடு வேலை பார்த்த, இப்போது ஓய்வுபெற்ற ஒரு கறுப்பின அக்காதான் மீதியைச் சொன்னார். போராட்டத்துக்குப் பிறகு ரோசாவுக்கும் அவர் கணவருக்கும் மான்ட்கோமரியில் வேலை இல்லை, தினமும் கொலை மிரட்டல். 1957இல் டெட்ராய்ட்டுக்கே வந்துவிட்டார்கள். இங்கேயும் வீட்டுப் பாகுபாடு, வேலைப் பஞ்சம். 1965 முதல் 1988 வரை நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் அலுவலகத்தில் வேலை செய்தார். கறுப்பினப் போராளித் தலைவர் மால்கம் எக்ஸ் மேல் ரோசாவுக்குப் பெரிய மதிப்பு. அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது பேட்டைக் கூட்டங்களில் கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மிசஸ் பார்க்ஸைப் பார்த்திருக்கிறார். "எங்களுக்கு அவங்க சிலை இல்ல, கூட்டத்துக்கு வர்ற ஆள்" என்றார். 2005இல் இறந்தபோது உடலை வாஷிங்டன் கேப்பிட்டலில் மரியாதைக்கு வைத்தார்கள். அன்றைய செய்திகளில் இந்த டெட்ராய்ட் ஆண்டுகள் பேருக்குத்தான் வந்துபோயின.

மெம்பிஸ் தமிழன்:

கிங்கின் கதையும் இதேதான். அவர் பிறந்தநாளுக்கான ஜனவரி விடுமுறை வந்தால் தொலைக்காட்சியில் 1963 ஆகஸ்ட் 28இல் அவர் ஆற்றிய "எனக்கு ஒரு கனவு" உரையின் கடைசி சில நிமிடங்கள். அந்தப் பேரணியின் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. வேலையை யாரும் சொல்வதில்லை. உயிரோடு இருந்தபோது அவரை இந்த நாடு இப்படிக் கொண்டாடவும் இல்லை. 1966 காலப் கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். 1967 ஏப்ரலில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதும் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்தது.

இங்கே அவர் கொல்லப்பட்ட லொரெய்ன் மோட்டல்தான் இப்போது அருங்காட்சியகம். உள்ளே ஒரு குப்பை லாரி நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், என் பையனின் தோளில் கைபோட்டு, "இவர் எங்க ஊருக்கு எதுக்கு வந்தார் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரும் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். "நான் ஒரு மனிதன்" என்ற அட்டையோடு தினமும் ஊர்வலம். அவர்களுக்காக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டார்கள். பெரியவரின் அண்ணன் அந்த அட்டையைப் பிடித்தவர்களில் ஒருவர். கூலி உயர்வும் சங்க அங்கீகாரமும் ஏப்ரல் 16இல் கிடைத்ததை அவர் சொன்னபோது குரலில் அவ்வளவு பெருமை.

2018இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே ஒரு டிரக் விளம்பரத்துக்குக் கிங்கின் குரலைப் போட்டார்கள். 1968 பிப்ரவரி 4 பிரசங்கத்திலிருந்து வெட்டி எடுத்தது. அதே பிரசங்கத்தில், விளம்பரக்காரர்கள் பேச்சில் மயங்கிக் கைக்கு மீறிக் கார் வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார் அவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நியூ ஜெர்சி தமிழ்ப் பள்ளி ஆசிரியை:

மான்ட்கோமரியின் உள்ளூர்ப் பத்திரிகைகள் புறக்கணிப்பின்போது என்ன எழுதின அட்லாண்டா அண்ணா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அட்லாண்டா வாசி:

ஒரு விஷயம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் தங்கச்சி. அலபாமா மாநிலக் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் திங்கள்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்று ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்தார். அந்தச் செய்தியை மான்ட்கோமரி அட்வர்டைசர் டிசம்பர் 4, ஞாயிறு முதல் பக்கத்தில் போட்டது. துண்டறிக்கை கிடைக்காதவர்களுக்கும் அதனால் விஷயம் தெரிந்துபோய், திங்கள்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. அதே பத்திரிகை, வெள்ளைக்காரக் கும்பல்கள் கறுப்பினத்தவரைக் கொன்றதைத் தான் செய்தியாக்கிய விதத்துக்காக 2018 ஏப்ரலில் வெட்கப்பட்டுத் தலையங்கம் எழுதியது. அந்த வாரம்தான் கொலையுண்டவர்களுக்கான நினைவிடம் அதே ஊரில் திறக்கப்பட்டது.

மெம்பிஸ் தமிழன்:

அக்கா, மெம்பிஸில் பத்திரிகை நடத்திய கறுப்பினப் பெண் ஐடா பி. வெல்ஸையும் அவசியம் சொல்லுங்கள். 1892இல் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பரையும் இன்னும் இருவரையும் இங்கே கும்பல் கொன்றது. குற்றவாளிகள் என்பதால் கொன்றார்கள் என்று மற்ற ஏடுகள் எழுதியபோது, கடைப் போட்டிதான் காரணம் என்று தன் பத்திரிகையில் எழுதியவர். அந்த மே மாதமே அலுவலகத்தை நொறுக்கினார்கள். அதன்பின் இங்கே அவர் குடியிருக்க முடியவில்லை. 1931இல் இறந்த அவருக்கு நியூயார்க் டைம்ஸ் இரங்கல் குறிப்பு வெளியிட்டது 2018இல். பீல் தெருவில் 2021 முதல் அவருக்குச் சிலை இருக்கிறது. பிள்ளைகளை இந்தப் பக்கம் கூட்டிவந்தால் சொல்லுங்கள், நானே அழைத்துப்போய்க் காட்டுகிறேன். மோட்டலிலிருந்து நடக்கிற தூரம்தான்.