சோகமே இல்லாமல் டிப்ரஷன் வருமா? முதலில் யாரைப் பார்ப்பது?

வயது 38, தாம்பரம், ஓஎம்ஆரில் ஐடி வேலை. பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை.

அழுகை, சோகம் எதுவும் கிடையாது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமே இல்லை. காலையில்தான் ரொம்ப மோசம், சாயங்காலம் கொஞ்சம் தேவலாம். கழுத்து, முதுகு வலி. பிள்ளைகள் சத்தம் போட்டாலே எரிச்சல். ஒரு மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் மண்டையில் ஏறுகிறது. கிரிக்கெட், பாட்டு, பிரியாணி எதிலும் ஆசை இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. வெறும் வேலை அலுப்பாக இருந்தால் லீவிலாவது அந்த ஆசை திரும்ப வேண்டும், ஊருக்குப் போய் இருந்தும் திரும்பவில்லை.

ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாச்சு: தைராய்டு (டிஎஸ்எச் 2.4), ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை, எல்லாமே நார்மல். குறட்டை இல்லை. மதியத்துக்கு மேல் காபி கிடையாது. தினமும் நடை. வலி மாத்திரைக்கு வலி குறைந்து மறுபடி வருகிறது.

கடைசி இரண்டு வாரத்தை வைத்து நிரப்பும், டிப்ரஷன் எவ்வளவு என்று பார்க்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் 27க்கு 13. பத்தைத் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும், ஆனால் அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு செய்ய முடியாது. உயிரை விடும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யம். அதில் ஒன்று வந்திருந்தாலும் இங்கே எழுதாமல் உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசியிருப்பேன்.

இந்த நிலையில் முதலில் மனநல மருத்துவரிடம் போவதா, கவுன்சலிங்குக்கு உளவியலாளரிடம் போவதா?