1:1 என்று கொடுத்தும் நான்காவது போல்ட் இறங்கவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

ஒரு சின்ன மோட்டாரை உட்கார வைக்க அலுமினியத் தகடு வெட்டினேன். கணினியில் போட்ட கேட் (CAD) வரைபடம் மி.மீ. கணக்கில் சுத்தமாக இருந்தது. பிளாட் ஸ்கேல் (plot scale), அதாவது அச்சில் வரும் அளவின் விகிதம், 1:1 வைத்து பிடிஎஃப் எடுத்து, வீட்டு பிரிண்டரில் ஏ4 தாளில் அடித்தேன். தாளைத் தகட்டில் ஒட்டி, துளை வரும் இடத்தில் சென்டர் பஞ்ச் (கூர்முனை ஆணி) வைத்துத் தட்டிக் குறி போட்டு, நான்கு துளையும் போட்டாயிற்று. மோட்டாரை வைத்தால் ஒரு மூலையில் போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, எதிர் மூலையில் நுழையவே இல்லை. 120 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 116.4 தான் இருந்தது.

வரைபடத்தில்தான் தப்பு என்று நினைத்து ஒரு மணி நேரம் அதையே குடைந்தேன். வரைபடம் பாவம், ஒன்றும் செய்யவில்லை. அச்சடிக்கும்போது வரும் ஜன்னலில் 'ஃபிட்' என்று இருந்திருக்கிறது. பிரிண்டரால் தாளின் ஓரம் வரை மை போட முடியாது, சுற்றிலும் சில மி.மீ. விட்டுவிடும். முழு ஏ4 பக்கத்தை அந்தக் குறைந்த இடத்துக்குள் அடைப்பதற்காக 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது, அதுவும் சத்தமே இல்லாமல். 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றியதும் 120 வந்தது. ஆனால் ஓரத்தை ஒட்டிப் போட்டிருந்த பார்டர் கோடு வெட்டுப்பட்டது. அதை உள்ளே தள்ளி வரைந்துகொண்டேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

நடக்காமலா! அங்குலம், மி.மீ. குழப்பமாவது நல்ல தப்பு. 25.4 மடங்கு மாறும், தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இந்த மூன்று சதவீதம்தான் கேடி. கண்ணுக்குச் சரியாகவே இருக்கும்.

எனக்கு எஸ்விஜி (SVG, கோட்டுப்படம்) கோப்பில் மாட்டியது. வரைந்த மென்பொருள் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று வைத்திருக்க, அச்சடித்த பழைய மென்பொருள் 90 என்று எடுத்துக்கொண்டது. 150 மி.மீ. சதுரம் 160 ஆக வந்து நின்றது. பெட்டி மூடி பெட்டியைவிடப் பெரிதாக இருந்தபோதுதான் புரிந்தது.

*

நான் மர நாற்காலியின் பின்கால் வளைவுக்கு ஆறு ஏ4 தாள் ஒட்டினேன். பிடிஎஃப் ரீடரில் பெரிய படத்தைப் பல தாளாகப் பிரித்து அடிக்கும் 'போஸ்டர்' முறை, 10 மி.மீ. ஓவர்லேப், வெட்டுக்குறிகள் எல்லாம் வைத்து. இருந்தும் கடைசித் தாளில் கோடு சேரவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தால், தாளின் அகலத்தில் சரியாக இருக்கிறது. தாள் பிரிண்டருக்குள் ஓடும் திசையில் மட்டும் 200 மி.மீ. கோடு 199.2 ஆக இருக்கிறது. ரோலர் தாளைத் தள்ளும் அளவில் வரும் பிசிறு இது. ஒரு தாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள், மூன்று தாள் சேர்ந்தால் 2 மி.மீ.க்கு மேல் போய்விடுகிறது. வட்டம் வரைந்து பார்த்தேன், லேசாக முட்டைதான்.

பிரிண்டர் ஜன்னலில் சதவீதத்தை ஏற்றினால் அகலமும் சேர்ந்து கெடும். அதனால் வரைபடத்தை பிளாக்காக (எல்லாக் கோடும் சேர்ந்த ஒரே உருவாக) மாற்றி, ஓடும் திசையில் மட்டும் 1.004 மடங்கு கொடுத்தேன். ஆறு தாளையும் ஒரே வாக்கில் அடிக்க வேண்டும், ஒன்றைத் திருப்பிப் போட்டாலும் கணக்கு கலைந்துவிடும். அப்புறம், தாள்களைப் பகலில் ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் குறிகளைப் பொருத்துங்கள், வெளிச்சம் ஊடுருவும்போது அவ்வளவு சுலபம். நீர்ப்பசை மட்டும் வேண்டாம். தாள் ஊறி நீண்டுவிடும், இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

*

ஒரு மாற்றுக்கருத்து. வளைவுக்குத் தாள் சரி, துளைக்குத் தாளை நம்பாதீர்கள். கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு, அதில் எந்தப் பக்கம் பஞ்ச் வைப்பீர்கள்? முதல் துளையைத் தாளைப் பார்த்துப் போடுங்கள், மற்றதை வெர்னியர் காலிப்பரில் (நுண்ணளவுக் கருவி) அளந்து தகட்டிலேயே கீறுங்கள். போல்ட் துளையைப் பொறுத்தவரை பழைய முறையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

*

தொடங்கியவன்தான் மீண்டும். வெர்னியர் யோசனை சரிதான், இனி துளைக்கு அதுதான். வளைவுகளுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த வரைபடமானாலும் ஒரு மூலையில் 85.6 × 53.98 மி.மீ. செவ்வகம் ஒன்று போட்டுவிடுவேன். வங்கி அட்டையின் அளவு அது. அச்சடித்ததும் அட்டையை மேலே வைப்பேன். நாலு பக்கமும் ஒரே மாதிரி உட்கார்ந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பது. அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் நீளக் கோடு ஒன்றை ஸ்டீல் ஸ்கேலில் அளக்கிறேன், அதுவும் 10-இல் இருந்து. என் ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறது என்பதும் இந்தக் களேபரத்தில்தான் தெரிந்தது.

அந்தத் தகட்டைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு துளைகளை அரத்தால் நீளவாக்கில் ராவினேன். இப்போது மோட்டாரை முன்னும் பின்னும் நகர்த்தி பெல்ட்டை இறுக்க முடிகிறது.