கேட்டில் இழுத்த ஃபெண்டர்: நானே மாற்றவா, ஷெட்டில் விடவா?

வேளச்சேரி_சில்வர்:

வணக்கம். வண்டி 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல், சில்வர் கலர். போன வாரம் ராத்திரி மழையில் அபார்ட்மென்ட்டுக்குள் திருப்பும்போது இடது பக்கத்தைக் கேட் தூணில் வைத்து இழுத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையதுதான், தூண் பத்து வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது. இடது முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடு) மடிந்து ஓர் இடத்தில் கிழிந்தே போயிருக்கிறது. முன் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம், அங்கே பெயிண்ட் உரியவில்லை. பம்பர் ஓரத்தில் கீறல் மட்டும். ஹெட்லைட் பிழைத்தது, டயர் எங்கும் உரசவில்லை, வண்டி நேராகத்தான் ஓடுகிறது.

கம்பெனி சர்வீஸில் ஃபெண்டர் மாற்றி, கதவைத் தட்டி, பம்பரோடு சேர்த்து மூன்று பேனலுக்கும் பெயிண்ட் அடிக்க 19,500 எஸ்டிமேட் கொடுத்தார்கள். தெருமுனை டிங்கரிங் ஷெட்டில் "மாத்தவே வேணாம் சார், இதையே தட்டி, பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டு, கதவையும் முடிச்சுத் தரேன், 9,000 குடுங்க" என்கிறார். பார்ட்ஸ் கடையில் புது ஃபெண்டரே 2,100தான் என்றதும் ஆசை வந்துவிட்டது. சாக்கெட் செட் இருக்கிறது, பிரேக் பேட் நானே மாற்றிய அனுபவம் உண்டு, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் வைத்து நானே மாற்றி, ஸ்ப்ரே கேனில் பெயிண்டும் அடித்துவிட்டால் என்ன? இன்சூரன்ஸும் இருக்கிறது, அதில் போடலாமா என்றும் ஒரு குழப்பம்.

குரோம்பேட்டை_ஸ்பானர்:

ஃபெண்டர் மாற்றலாம் பாஸ். முன் ஃபெண்டர் வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் நிற்கிற பேனல், பானட்டும் கதவும்கூட அப்படித்தான். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற குவார்ட்டர் பேனல் என்றால் பேச்சே வேறு, அது பாடியோடு ஸ்பாட் வெல்டிங் ஆனது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்கே அடி பட்டிருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன வருஷம் என் மாமா வண்டிக்கு நானே மாற்றினேன். வீடியோவில் காட்டுகிற இருபது நிமிட வேலை எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை கழற்றி மாட்டிய வண்டிக்குத்தான் பொருந்தும். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா இருங்கள், முன்னால் ஏர்பேக் சென்சார் இருக்கிறது. அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரை எடுக்க வேண்டும். அந்தக் கிளிப்பில் பாதி உடையும், உடையாமல் எடுத்தவனை நான் பார்த்ததில்லை, ஆகவே முன்கூட்டியே பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பம்பரையும் ஒரு பக்கமாவது விடுவிக்க வேண்டும், ஏனென்றால் ஃபெண்டரின் முன் நுனி அதற்குள்தான் போய் உட்காருகிறது. பெரும்பாலும் 10 எம்எம் போல்ட். பானட்டைத் திறந்தால் ஓரமாக வரிசையாகத் தெரிவது சுலபம், கதவைத் திறந்தால் மேலே ஒன்று தெரியும், சோதனை எல்லாம் கதவுக்குக் கீழே படிப் பக்கம் இருக்கிறதில்தான். எட்டு வருஷ மழைத் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து அது துருவில் ஊறிக் கிடக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு நீக்கி ஆயிலை அடித்து ஊற விடுங்கள்.

மாட்டும்போது எந்தப் போல்ட்டையும் முதலிலேயே இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையால் நாலு சுற்று மட்டும் ஏற்றி, கதவையும் பானட்டையும் மெதுவாக மூடி, வலது பக்க இடைவெளியைப் பார்த்து இடது பக்கத்தை அதே அளவுக்கு நகர்த்தி, அப்புறம்தான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். நான் முதல்முறை இறுக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன், கதவு விளிம்பு புது ஃபெண்டரில் உரசி அங்கேயே ஒரு கோடு விழுந்தது. மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாடியே பாருங்கள். பழைய ஃபெண்டரைக் கழற்றியதும் உள்ளே தெரிகிற தகடு மடிந்திருந்தாலோ, புது ஃபெண்டரின் துளைகள் நேராக வராமல் இழுத்துப் பிடித்தால்தான் வருகிறது என்றாலோ, அதோடு நிறுத்திவிட்டு ஷெட்டுக்கு வண்டியை விடுங்கள்.

பட்டிக்காரன்:

நான் பதினாலு வருஷம் பெயிண்ட் பூத்தில் நின்றவன், இப்போது முதுகு ஒத்துழைக்காததால் எஸ்டிமேட் மட்டும் போடுகிறேன். மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. கழற்றி மாட்டுங்கள், தாராளமாக. பெயிண்டில் மட்டும் கை வைக்காதீர்கள், அதுவும் சில்வரில்.

சிவப்பு, வெள்ளை என்றால்கூட ஏதோ சமாளிக்கலாம். சில்வரில் அலுமினியத் துகள் இருக்கிறது, அது படுக்கிற விதத்தைப் பொறுத்துத்தான் கலர். ஒரே டப்பா பெயிண்டைக் கொஞ்சம் ஈரமாக அடித்தால் கருத்துத் தெரியும், தூரத்தில் இருந்து காய்ந்தாற்போல் அடித்தால் வெளுத்துத் தெரியும். கன் பிரஷர், தூரம், கை வேகம் எல்லாமே கலர்தான். இதில் கேனை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? போதாததற்கு உங்கள் வண்டி எட்டு வருஷம் சென்னை வெயிலில் நின்றது, வண்டியின் பிளேட்டில் இருக்கிற கலர் குறியீடு ஃபேக்டரியை விட்டு வந்த அன்றைக்கு உள்ள கலர், இன்றைக்கு உங்கள் கதவில் இருப்பது அது இல்லை. அதனால்தான் நல்ல பெயிண்டர் ஃபெண்டரோடு நிறுத்தாமல் கதவில் பாதிவரை பேஸ் கோட்டை (கலர் பூச்சை) மெல்லக் கலைத்துவிட்டு, கதவு முழுக்கக் கிளியர் (மேலே வருகிற நிறமில்லாத பூச்சு) அடிப்பார். கண்ணுக்கு எங்கே மாறுகிறது என்று தெரியாது. உங்களுக்குக் கதவிலும் பள்ளம் இருப்பது ஒருவகையில் வசதி, எப்படியும் அந்தக் கதவு பெயிண்டுக்குப் போகத்தான் வேண்டும்.

அப்புறம் மழைக்காலம். ஈரக் காற்றில் திறந்த பார்க்கிங்கில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும், கொசு வந்து ஒட்டும், பக்கத்து வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது, துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. நாங்கள் அப்படித்தான் அடித்தோம், அதனால்தான் சொல்கிறேன்.

தெருமுனை ஷெட்காரர் சொன்னதையும் பேசிவிடுவோம். கிழிந்த ஃபெண்டரைத் தட்டலாம், வெல்டும் வைக்கலாம், ஆனால் தட்டித் தட்டித் தகடு நீண்டுவிட்ட இடத்தில் பட்டிதான் கனமாக ஏறும். ஒரு வருஷம் நன்றாக இருக்கும், வெயிலில் விரிந்து சுருங்கி ஒரு நாள் மயிர்க்கோடாக வெடிக்கும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். 2,100க்குப் புதுசு கிடைக்கும்போது இதை எதற்குச் செய்ய வேண்டும்? கதவுப் பள்ளத்துக்கு மட்டும் டிங்கரிங் சரி, கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றிப் பின்னால் இருந்து தள்ளினால் பட்டி மெல்லிசாகப் போதும்.

நான் சொல்கிற வழி இது: புது ஃபெண்டரை முதலில் பெயிண்டரிடம் கொடுத்து உள் விளிம்புகளையும் கதவு திறந்தால் தெரிகிற ஓரத்தையும் மட்டும் கலர் அடித்து வாங்குங்கள். கம்பெனி ஃபெண்டர் கறுப்புப் பிரைமரோடு வரும், அதைத் தேய்த்து முழுசாக எடுத்துவிடச் சொல்லாதீர்கள், துருவைத் தடுப்பதே அதுதான், லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். பிறகு வீட்டில் மாட்டி, இடைவெளி எல்லாம் சரியானதும் வண்டியோடு ஷெட்டுக்குப் போய் வெளிப்பக்கத்தையும் கதவையும் ஒன்றாக அடித்துக்கொள்ளுங்கள். முழுசாக அடித்துவிட்டு மாட்டினால் ஸ்பானர் பட்டு எங்காவது உரியும், கதவோடு மேட்சும் ஆகாது.

அம்பத்தூர்_டீசல்:

இவ்வளவு எதற்கு? புதுப்பேட்டை போங்கள், சில்வர் ஸ்விஃப்ட் ஃபெண்டர் பழசு கிடைக்கும், பெயிண்டோடு வரும், மாட்டினால் முடிந்தது. சொல்கிற விலையில் பாதியில் ஆரம்பித்துப் பேசுங்கள், பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

பட்டிக்காரன்:

அதுவும் ஒரு வழிதான், ஆனால் அந்த வண்டி எந்த வெயிலில் நின்றதோ. இரண்டு பழைய சில்வரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒரே ஆள் இல்லை. உள் பக்கம் துருவையும், ஏற்கெனவே பட்டி போட்டதா என்பதையும் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் வழுக்குகிற இடம் பட்டி.

கணக்கன்:

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) போய்விடும். இப்போது உங்களுக்கு உச்சபட்சமான 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி) பிரீமியம் 4,000 என்று வைத்துக்கொள்வோம் (தேர்ட் பார்ட்டி பகுதிக்கு இந்தப் போனஸ் கிடையாது). இப்போது கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50க்கு வர வேண்டும். வித்தியாசத்தைக் கூட்டினால் 2,000, 1,200, 1,000, 600, 200, ஆக ஐந்து வருஷத்தில் 5,000 ரூபாய் போகிறது.

எட்டு வருஷ வண்டிக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கிற கூடுதல் கவர்) இருக்காது என்று நினைக்கிறேன். சாதாரணப் பாலிசியில் 5 முதல் 10 வருஷ வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், பிளாஸ்டிக்குக்கு 50, பெயிண்ட் மெட்டீரியலிலும் 50 கழிப்பார்கள். 1500 சிசிக்குள் என்பதால் கட்டாயமாக 1,000 உங்கள் கையில் இருந்து. இதெல்லாம் போக அந்த 19,500க்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு, அதில் 5,000 கழித்துப் பாருங்கள். உங்கள் பாலிசியில் உண்மையான எண் என்ன என்பதைப் போட்டுக் கணக்குப் பண்ணுங்கள், என்னுடையது மாதிரிதான்.

வேளச்சேரி_சில்வர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, என்ன ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன்.

கிளெய்ம் போடவில்லை. பட்டிக்காரன் அண்ணா சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதலில் போன பெயிண்டர் ஆயுத பூஜை முடிகிறவரை தலை நிமிர நேரமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார், அதில் ஒரு வாரம் போனது. மாட்டுகிற வேலை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை மூன்றரை வரை ஓடியது. ஸ்பானர் பாஸ் எச்சரித்த அதே கீழ்ப் போல்ட்தான், ஆயில் ஊற வைத்தும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. நடுவில் அசோசியேஷன் செயலாளர் வந்து "இது பார்க்கிங்கா, பணிமனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் அந்தப் போல்ட் இல்லாமலேயே ஷெட்டுக்கு ஓட்டிப்போய், அங்கே உடைந்ததை எடுத்து நட் வெல்ட் பண்ணிக் கொடுத்தார்கள், 300 ரூபாய்.

கணக்கு: ஃபெண்டர் 2,100, கிளிப்பும் லைனரும் 450, நட் 300, கதவு டிங்கரிங்கும் பெயிண்டும் 6,000. மொத்தம் 8,850. தெருமுனைக்காரர் கேட்டதற்கும் இதற்கும் 150 ரூபாய்தான் வித்தியாசம் என்று வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். புதுத் தகடு, பட்டி இல்லை என்று விளக்கினேன், எடுபடவில்லை. பம்பர் கீறல் அப்படியேதான் இருக்கிறது. வெயிலில் நின்று பார்த்தேன், ஃபெண்டருக்கும் கதவுக்கும் கலர் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கதவின் கீழ்ப் பக்க இடைவெளி மட்டும் வலதைவிட ஒரு மில்லி கூட.

பட்டிக்காரன்:

ஒரு மில்லி எல்லாம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், விடுங்கள். ஒரு மாசத்துக்கு வேக்ஸ், பாலிஷ் எதுவும் போடாதீர்கள், கிளியர் நன்றாகக் காய வேண்டும். காலையில் வண்டி துடைக்கிறவரிடமும் சொல்லிவையுங்கள், பத்து வண்டி துடைத்த அதே துணியோடு வந்து நிற்பார்.