ஜின்ஜுவில் கத்தியும் முள்கரண்டியுமாக ஒரு பர்கர்

தென் கொரியாவின் ஜின்ஜு நகரில் ஆய்வாளராகச் சேர்ந்த முதல் மாதம். மூன்று வேளையும் சோறும் சூப்பும் கிம்ச்சியுமாகச் சாப்பிட்டு நாக்கு மரத்துப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம்காங் ஆற்றங்கரையில் நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் 'சூஜே பர்கர்' என்ற பலகையைப் பார்த்தேன். சூஜே என்றால் கையால் செய்தது. பெரிய நிறுவனங்களின் கிளையல்ல, தனிக் கடை என்பதைச் சொல்லாமல் சொல்லும் சொல் அது.

உள்ளே ஆறே மேசைகள். மாட்டிறைச்சி வேண்டாம் என்று அரைகுறைக் கொரிய மொழியில் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சைவ உணவகத்தில் நுழைந்து மட்டன் சுக்கா கேட்டவனை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்களோ, அந்தப் பார்வை. பிறகு, "செயு?" என்றார். இறால். பிழைத்தேன்.

வந்தது பர்கரா, கோபுரமா என்று தெரியவில்லை. நடுவில் ஒரு நீளக் குச்சி குத்தி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் கத்தி, முள்கரண்டி. நான் இரண்டு கைகளாலும் தூக்கிக் கடித்தேன். சாஸ் முழங்கை வரை வழிந்தது. அடுத்த மேசைத் தம்பதி குச்சியை உருவி, அடுக்கைத் தட்டில் சாய்த்து, தோசையைப் பிய்ப்பதுபோல நிதானமாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பேசாமல் வந்து மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பொரித்த கோழிக்குத் தருவார்களே, அதே கையுறை. அவமானப்படுவதா, நன்றி சொல்வதா? மாட்டிக்கொண்டேன்.

பன் இனித்தது. அதை மட்டும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு குறிப்பு: புல்கோகி (இனிப்பு சோயா சாஸில் ஊறவைத்துச் சுட்ட இறைச்சி) சுவையில் வரும் புல்கோகி பர்கர் என்றால் எல்லா இடத்திலும் ஒரே இறைச்சி இல்லை. லோட்டேரியா என்ற பர்கர் நிறுவனம் 1992இல் அதைக் கொண்டுவந்தது, மாட்டிறைச்சியில். மெக்டொனால்ட்ஸ் அதே பெயரில் விற்பது பன்றி இறைச்சி. பெயரை நம்பாமல் கேட்டுவிடுங்கள். மாம்ஸ் டச் என்ற கோழி பர்கர் நிறுவனத்தின் கிளை இருந்தால் கவலையே இல்லை. அங்கே 'சாய் பர்கர்' கேளுங்கள், தொடைக் கோழிக்கறி. கேட்ட பிறகுதான் பொரிப்பார்கள், பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

*

அண்ணா, உங்கள் ஜின்ஜு கதையைப் படித்தேன். நான் இருக்கும் பியோங்தேக் நகரப் பக்கம் வந்தால், அங்குள்ள சோங்தான் பகுதியின் பர்கரை விட்டுவிடாதீர்கள். பெயர்தான் ஓசான் விமானப்படைத் தளம், இருப்பது என்னவோ சோங்தானில். அந்த அமெரிக்கத் தளத்தின் வாசலில் வளர்ந்த பர்கர் இது. கோபுரமெல்லாம் கிடையாது. பொரித்த முட்டை, பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், கெச்சப், மயோனைஸ், எல்லாம் சேர்த்துத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். மாட்டிறைச்சித் துண்டை எடுத்துவிட்டு முட்டை மட்டும் வைத்துத் தரச் சொன்னேன், சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார் ஓர் அம்மா. நம் ஊர் பிரெட் ஆம்லெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்வேன்.

*

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். என் கதை சிறியது. ஒரு சிற்றூர்ப் பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு கடை. ஆர்டர் வாங்க ஆள் இல்லை, தொடுதிரைதான். முழுக்கக் கொரிய எழுத்து. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில். கடையில் உட்கார்ந்து சாப்பிட 'மேஜாங்', கட்டிக்கொண்டு போக 'போஜாங்'. இரண்டும் 'ஜாங்' என்றுதானே முடிகின்றன! பதற்றத்தில் போஜாங்கை அழுத்திவிட்டேன். பையைக் கையில் கொடுத்துத் தலைவணங்கி வழியனுப்பினார்கள். ஜனவரி மாதம். பேருந்து நிறுத்தத்தில் நின்று பாதி தின்பதற்குள் மீதி ஐஸாகிவிட்டது.