கிருபைக்குக் கீழ இருக்கோம்னா ஏமாத்தி எடுத்த காசைத் திருப்பித் தர வேண்டாமா?

கருப்பட்டிக்கடை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், இப்பதான் முதல் தடவை கேக்குறேன், கொஞ்சம் நீளம், மன்னிக்கணும்.

நானும் ஒரு ஃப்ரெண்டும் உடன்குடி பக்கம் கருப்பட்டி ஹோல்சேல் பார்ட்னர்ஷிப்ல பண்ணிட்டு இருந்தோம். கணக்கு அவன் கைல. கடைசில பார்த்தா சரக்கு போன கடைங்க காசு குடுத்திருக்காங்க, நோட்டுல பாக்கின்னு எழுதி வச்சிருக்கான், எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபா. கேட்டப்ப சண்டை வந்து பிரிஞ்சிட்டோம். அது பழைய கதை, நான் கேஸெல்லாம் போடல.

அப்புறம் அவன் ரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்து, கடைசில நாங்க போற சபைக்கே வந்துட்டான். உண்மையாவே சந்தோஷப்பட்டேன். குடியை விட்டுட்டான், அவன் பொண்டாட்டி பிள்ளைங்க நல்லா இருக்காங்க. போன மாசம் சாட்சி சொன்னான், "நான் நிறைய பேரை ஏமாத்தியிருக்கேன், ஆனா கர்த்தர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு, பழசெல்லாம் ஒழிஞ்சு போச்சு"ன்னு. சபையே கை தட்டுது, நான் மூணாவது வரிசைல உக்காந்திருக்கேன், என்னைப் பார்த்து சிரிக்கிறான்.

வெளிய வந்து மெதுவா கேட்டேன், அந்தக் கணக்கு என்னாச்சுன்னு. "பிரதர் நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்ல, கிருபைக்குக் கீழ இருக்கோம், நீங்க இன்னும் பழைய ஏற்பாட்டுல இருக்கீங்க"ங்கிறான். (நியாயப்பிரமாணம்னா மோசே வழியா வந்த சட்டம்.) எங்க பாஸ்டர்கிட்ட சொன்னா அவரும் சுத்தி வளைச்சு அதையேதான் சொல்றாரு. வீட்ல விட்டுடுங்கன்னு சொல்றாங்க. விடுறதுக்கு எனக்கு மனசு இருக்கு, ஆனா இதுக்குப் பேரு கிருபையான்னுதான் புரியல. வசனத்தோட யாராவது சொல்லுங்க.

கிருபை_மட்டும்:
பிரைஸ் த லார்ட் பிரதர். உங்க வேதனை புரியுது, ஆனா உங்க பாஸ்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரு. ரோமர் 6:14 தெளிவா இருக்கு, உங்க ஃப்ரெண்டு சொன்ன அதே வரிதான். கொலோசெயர் 2:14ல நமக்கு எதிரா இருந்த கையெழுத்தையே குலைச்சு சிலுவைல ஆணியடிச்சிட்டாருன்னு இருக்கு, கையெழுத்துன்னா கடன் பத்திரம் மாதிரி, அதையே அவர் கிழிச்ச பிறகு நாம நோட்டுப் புஸ்தகத்தைத் தூக்கிட்டு அலையலாமா. 1 கொரிந்தியர் 6:7ம் பாருங்க, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லைன்னு பவுலே கேக்குறாரு. அவர் மன்னிச்சவனை நாம குற்றவாளியா பாக்கக்கூடாது. காசை சிலுவைல விட்டுடுங்க, கர்த்தர் உங்களுக்கு ரெட்டிப்பா தருவாரு.

தரங்கம்பாடி_லூத்தரன்:
ரோமர் 6:14 சொல்றவங்க எல்லாரும் ஏன் 15ஐ சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அடுத்த வரிதான் சாமி அது. "இதினால் என்ன? நாம் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவஞ்செய்யலாமா? கூடாதே." உங்க ஃப்ரெண்டு சொன்ன அதே சாக்கை பவுல் முன்னாடியே யோசிச்சு பதில் எழுதி வச்சிட்டாரு. அதே ரோமர் 13:8ல ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்னும் அவர்தான் எழுதுறாரு, அதுக்கு அடுத்த வசனத்துல களவு செய்யாதிருப்பாயாகன்னு பத்துக் கட்டளைல இருந்தே எடுத்துப் போடுறாரு, ரட்சிக்கப்பட்ட ரோமாபுரி சபைக்கு.

1 கொரிந்தியர் 6ம் அப்படித்தான். 7ம் வசனம் ஏமாந்தவனுக்கு, கோர்ட்டுக்குப் போறதுக்கு பதிலா பொறுத்துக்கலாமேன்னு. 8ம் வசனம் ஏமாத்தினவனுக்கு, நீங்களே நஷ்டப்படுத்துகிறீர்கள், அதுவும் சகோதரருக்கேன்னு. ஏமாத்தினவனுக்கு உள்ள வசனத்தை விட்டுட்டு ஏமாந்த உங்களுக்கு உள்ள வசனத்தை எடுத்து உங்களுக்கே ஓதுறாங்க பாருங்க, அதுதான் எனக்குக் கடுப்பு.

இப்ப மெயின் மேட்டர். நியாயப்பிரமாணம் ஒரு பக்கம் கிருபை ஒரு பக்கம்னு எதிரிங்க மாதிரி நினைக்கிறதே தப்பு. யாத்திராகமம் 20ஐ எடுங்க, முதல் கட்டளைக்கு முன்னாடி என்ன இருக்கு? உன்னை எகிப்துல இருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே. முதல்ல விடுதலை, அப்புறம்தான் கட்டளை. இதைக் கைக்கொண்டா விடுவிக்கிறேன்னு எகிப்துல வச்சு அவர் சொல்லவே இல்ல.

அடுத்து சகேயு, லூக்கா 19ல வர்ற பணக்கார ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன். சண்டே ஸ்கூல்ல மரத்துல ஏறினதோட நிறுத்திடுறாங்க. எண்ணாகமம் 5:7 படி ஒருத்தன் தானா அறிக்கை பண்ணி திருப்பிக் குடுத்தா முதலும், அதோட அஞ்சுல ஒரு பங்கும் சேர்த்துக் குடுத்தா போதும். நாலு மடங்கு எங்க வருதுன்னா யாத்திராகமம் 22:1, ஆட்டைத் திருடி அடிச்சோ வித்தோ தீர்த்தவனுக்கு உள்ள தண்டனை. அப்ப சகேயு அஞ்சுல ஒரு பங்கோட முடிச்சிருக்கலாம், ஆனா ஆடு திருடினவன் கணக்குல தன்னை வச்சு நாலத்தனையா தரேங்கிறான், அது போக ஆஸ்தில பாதி ஏழைங்களுக்கு. யாரும் கேக்கல, இயேசுவும் கேட்டதா எழுதல, அவர் செஞ்சதெல்லாம் அவன் வீட்டுக்குப் போறேன்னு சொன்னது மட்டும்தான். கிருபை வந்த வீட்ல நியாயப்பிரமாணம் கேட்டதை விட அதிகமா வெளிய வந்துச்சு. உங்க ஃப்ரெண்டு விஷயத்துல அஞ்சுல ஒரு பங்கு கூட வரல, முதலே வரல.

இது புதுச் சண்டையும் இல்ல. 16ம் நூற்றாண்டுல ஜெர்மனில சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர் காலத்துலயே யோஹான் அக்ரிகோலான்னு அவரோட சொந்த ஊர்க்காரர், ஐஸ்லேபன், கூடவே இருந்த ஆள், விசுவாசிகளுக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே கூடாதுன்னு கிளம்பினாரு. கிருபையாலே மட்டும்னு ஊரையே கலக்கின லூத்தர் இதை ஒத்துக்குவாருன்னு பார்த்தா, 1537ல இருந்து விட்டன்பர்க்ல வரிசையா விவாதம் வச்சு எதிர்த்தாரு, 1539ல தனியா எழுதியும் போட்டாரு. அவரோட சின்ன ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலா சொல்லித் தர்ற புஸ்தகம், ஆரம்பிக்கிறதே பத்துக் கட்டளைல இருந்துதான். எங்க பக்கம் சின்ன வயசுல மனப்பாடம் பண்ண வச்சு உயிரை எடுப்பாங்க. களவு செய்யாதேங்கிறதுக்கு அதுல வர்ற விளக்கமே, பிறத்தியான் காசை எடுக்காதேங்கிறதோட நிக்காம அவன் சொத்தையும் பிழைப்பையும் காப்பாத்த உதவி பண்ணணும்னு போகும். (எங்களுக்கும் கத்தோலிக்கருக்கும் அது ஏழாம் கட்டளை, சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரங்களுக்கு எட்டாவது, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வச்சுக்குவோம்)

கிருபை_மட்டும்:
லூத்தரன் பிரதர், நீங்க சரித்திரம் எல்லாம் நல்லா சொல்றீங்க, ஆனா ஒரு கேள்வி. காசைத் திருப்பிக் கட்டினாத்தான் மன்னிப்புன்னா அது பாவமன்னிப்புச் சீட்டு வித்த மாதிரி ஆகாதா? 1517ல உங்க லூத்தர் எதை எதிர்த்தாரோ அதையே நீங்க சொல்றீங்களே. இயேசு பக்கத்துல சிலுவைல இருந்த கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் குடுத்தான்? அவனுக்கு இயேசு இன்னைக்கே பரதீசுன்னாரே. எபேசியர் 2:8, 9, கிரியைகளினால் உண்டானதல்ல.

வேளாங்கண்ணி_பயணி:
நடுவுல வர்றதுக்கு சாரி, நான் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்க ஆளு. எங்க ஃபாதர் பாவசங்கீர்த்தனத்துல, அதாவது சாமியார்கிட்ட பாவத்தை அறிக்கை பண்றப்ப, முதல்ல கேக்குறதே அதான். திருடினேன் சாமின்னு சொன்னா, திருப்பிக் குடுத்தியா, குடுக்கப் போறியான்னு கேப்பாரு. மன்னிப்பு வேற, அடுத்தவன் பொருள் வேற. நேரா குடுக்க வெக்கமா இருந்தா வேற வழில சேர்த்துடுன்னு கூட சொல்வாரு. நீங்க எல்லாம் எங்களைக் கிரியைக்காரங்கன்னு கிண்டல் பண்ணுவீங்க, பரவால்ல, அந்த ஃப்ரெண்டு எங்க சாமியார்கிட்ட வந்திருந்தா கருப்பட்டிக்கடை அண்ணனுக்குக் காசு திரும்பி வந்திருக்கும் 🙂

தரங்கம்பாடி_லூத்தரன்:
😂 ஆர்.சி. அண்ணே இந்த ரவுண்டு உங்களுக்கு.

கிருபை பிரதர், நல்ல கேள்வி, நேராவே சொல்றேன். பாவமன்னிப்புச் சீட்டுல காசு போனது சபைக்கு, தண்டனை குறைய விலையா. இங்க காசு போறது யார்கிட்ட இருந்து எடுத்தானோ அவர்கிட்ட. அது மன்னிப்புக்கு விலை இல்ல, அது அவர் காசு! திருப்பிக் குடுத்தாத்தான் ரட்சிப்புன்னு நான் சொல்லவே இல்ல. கள்ளனுக்கு ரெண்டு கையும் சிலுவைல, அவனால முடிஞ்சது வாயால ஒத்துக்கிட்டது, அதைச் செஞ்சான், நாம நடப்பிச்சவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்னு. இந்த ஃப்ரெண்டுக்குக் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, கடையும் ஓடுது. எபேசியர் 2:8, 9 சொன்னீங்க, 10ஐயும் சேர்த்துப் படிங்க, நற்கிரியைகளைச் செய்யத்தான் சிருஷ்டிக்கப்பட்டிருக்கோம்னு இருக்கு. திரும்பவும் அடுத்த வசனம்தான், நான் என்ன பண்ண.

காது_மூளி:
சிஸ்டரா நானும் ஒண்ணு சொல்றேன். பேர் பார்த்தாலே தெரியும், நான் வளர்ந்தது ரொம்ப ஸ்ட்ரிக்டான பெந்தெகொஸ்தே சபை, நகை கூடாது, பூ கூடாது, டிவி கூடாது, ஸ்கூல்ல ஆண்டுவிழா டான்ஸ் கூடாது. சின்ன கம்மல் போட்டுட்டு போனதுக்கு ஆராதனை முடிஞ்சு எல்லார் முன்னாடியும் எங்க அம்மாவைக் கூப்பிட்டு பேசினாங்க. அதே சபைல மூப்பர் ஒருத்தர் வட்டிக்கு விட்டுட்டு இருந்தாரு, மாசம் பொறந்தா வீட்டு வாசல்ல நிப்பாரு, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. மத்தேயு 23:23 படிக்கிறப்பல்லாம் எனக்கு அவர் மூஞ்சிதான் வரும், வெந்தயத்துலயும் சீரகத்துலயும் தசமபாகம் குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுட்டீங்கன்னு.

அதனால கிருபை பத்தின செய்தி முதல்ல கேட்டப்ப நான் உக்காந்து அழுதேன், நிஜமா. தேவன் என்னைப் பிடிக்காத முகத்தோட பாக்கல, நான் இன்னைக்கு சரியா இருந்தேனா இல்லையான்னு கணக்குப் பார்த்து நேசிக்கலன்னு தெரிஞ்சது எவ்ளோ பெரிய விஷயம்னு அப்படி வளர்ந்தவங்களுக்குத்தான் தெரியும். அதனால கிருபை பிரதரை யாரும் கிண்டல் பண்ணாதீங்க, அந்தச் செய்தி வேணும். ஆனா பாருங்க, அந்த மூப்பரை யாரும் கேக்கல, கருப்பட்டிக்கடை அண்ணன் ஃப்ரெண்டையும் யாரும் கேக்கல. அங்க சட்டம் பேசினாங்க, இங்க கிருபை பேசுறாங்க, ரெண்டு இடத்துலயும் காசு வச்சிருக்கிற ஆம்பளைக்கு ஒண்ணும் ஆகல. கேட்டவங்கதான் கெட்டவங்களா ஆயிடுறோம். தீத்து 2:11, 12ல கிருபை நமக்குப் போதிக்கிறதுன்னு இருக்கே, தெளிந்தபுத்தியா நீதியா வாழச் சொல்லி. கிருபைதான் இங்க டீச்சர். அந்த கிளாஸ்ல உக்காந்துட்டு பாடம் எனக்கு இல்லன்னா எப்படி.

கருப்பட்டிக்கடை:
சிஸ்டர் நீங்க சொன்னதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. எல்லாருக்கும் நன்றி. இப்ப ப்ராக்டிகலா என்ன பண்றதுன்னு சொல்லுங்க. மத்தேயு 18ல பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தனக்குத் தர வேண்டிய நூறு வெள்ளிப்பணத்துக்கு இன்னொருத்தன் கழுத்தைப் பிடிச்ச கதை வேற பயமுறுத்துது. நான் கேட்டா அந்த ஊழியக்காரன் மாதிரி ஆயிடுவேனா?

பாளையங்கோட்டை_சிஎஸ்ஐ:
தம்பி, நான் ரிட்டயர்டு ஆளு, சபைக் கமிட்டில ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், இந்த மாதிரி பஞ்சாயத்து நிறைய பார்த்தாச்சு.

அந்த உவமைல தப்பு கடனைக் கேட்டது இல்ல, பொறுத்துக்கோ தந்துடுறேன்னு காலைப் பிடிச்சவனை ஜெயில்ல போட்டது. உங்காளு இன்னும் தரேன்னே சொல்லலயே. கடனை மன்னிக்கிற உரிமை குடுத்தவனுக்கு உண்டு, வாங்கினவன் தனக்குத் தானே மன்னிச்சுக்க முடியாது. கர்த்தர் மன்னிச்சது அவனுக்கும் கர்த்தருக்கும் உள்ள கணக்கு. லேவியராகமம் 6ல வரிசையைப் பாருங்க, முதல்ல உடையவன்கிட்ட பொருளைக் குடு, அப்புறம் பலியைக் கொண்டு வா. மத்தேயு 5:23, 24லயும் இயேசு காணிக்கையை பலிபீடத்துகிட்டயே வச்சிட்டு முதல்ல சகோதரன்கிட்ட போன்னுதான் சொல்றாரு.

பழைய ஆங்கிலிக்கன் முறை திருவிருந்துல பத்துக் கற்பனையும் வாசிப்பாங்க, ஒவ்வொண்ணு முடிஞ்சதும் சபை சொல்ற ஜெபத்துல ரெண்டு பகுதி இருக்கும், எங்களுக்கு இரங்கும், இதைக் கைக்கொள்ள எங்க இருதயத்தை ஏவும்னு. நான் பையனா இருந்தப்ப எப்படா முடியும்னு நின்னுட்டு இருப்பேன். இப்ப யோசிச்சா நீங்க எல்லாம் இங்க இவ்ளோ நீளமா அடிச்சுக்கிறது அந்த ஒரே வரில இருக்கு.

செய்ய வேண்டியது இதான். மத்தேயு 18:15, தனியா போங்க. ஞாயித்துக்கிழமை சபை வாசல்ல வேண்டாம், வாட்ஸப் குரூப்ல அறவே வேண்டாம், அவன் பொண்டாட்டி முன்னாடியும் வேண்டாம். நோட்டை எடுத்துட்டுப் போங்க, தொகையைச் சொல்லுங்க, தவணையா தந்தாலும் சரின்னு வழியை நீங்களே திறந்து விடுங்க. ஒத்துக்கலன்னா ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க, உங்க பாஸ்டர் ஒருத்தரா இருக்கட்டும், அவரும் அந்தக் கணக்கை நேர்ல பாக்கட்டும். பிலேமோன் நிருபத்துல, பிலேமோனோட அடிமை ஒநேசிமு அவருக்குப் பட்ட கடனை பவுல் ஒண்ணும் இல்லன்னு சொல்லல, என் கணக்குல வச்சுக்கோ நான் செலுத்தித் தீர்ப்பேன்னு சொந்தக் கையால எழுதிக் குடுத்தாரு. கிருபை பேசுற பாஸ்டர் அந்த மாதிரி எழுதிக் குடுத்தா தாராளமா வாங்கிக்கோங்க 😄

நிஜமாவே அவன்கிட்ட இல்ல, கஷ்டத்துல இருக்கான்னு தெரிஞ்சா, அப்ப நீங்களா விட்டுக் குடுங்க, முழுசாவோ பாதியோ. அப்படி விட்டா அவனுக்கும் அது கிருபைன்னு தெரியும்.

கிருபை_மட்டும்:
பெரியவர் சொன்னதுல கடைசி பாராவுக்கு ஆமென். மத்ததுல எனக்கு இன்னும் கொஞ்சம் இடிக்குது, கேக்கப் போற பிரதர் மனசுல கசப்பு இல்லாம போகணும்ங்கிறதுதான் என் கவலை. ஜெபிக்கிறேன்.

கருப்பட்டிக்கடை:
கசப்பு கொஞ்சம் இருக்கு பிரதர், பொய் சொல்லல, ஜெபிங்க. வியாழக்கிழமை மத்தியானம் அவன் கடைல கூட்டம் இருக்காது, அப்ப போறேன்.

லூத்தரன் பிரதர், அந்த அஞ்சுல ஒரு பங்கு 48,000 ஆச்சு, அதையும் கேக்கலாமா 😅

தரங்கம்பாடி_லூத்தரன்:
சகேயு கணக்குப்படி 9,60,000 வருது, அதைச் சொல்லி பயமுறுத்திடாதீங்க. முதலை மட்டும் கேளுங்கண்ணே. மேல வர்றது அவரா தந்தா பாத்துக்கலாம்.