மீட்டர் கோளாறா, செயலி கோளாறா? தாதி போன் செய்ததிலிருந்து தூக்கமில்லை

செங்காங் மருமகள்

வணக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

என் மாமியாருக்கு 67 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. மதுரையில் இருந்தவர் போன வருடம்தான் சிங்கப்பூருக்கு எங்களோடு வந்து தங்கினார். இப்போது பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்க்கிறோம். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து ஒரு செயலியில் பதிவு செய்யச் சொன்னார்கள். அங்கிருந்து தாதியர் பார்ப்பார்களாம். நல்ல ஏற்பாடுதான், நானும் ஒரு நாள் தவறாமல் போட்டு வந்தேன்.

முந்தாநாள் தாதி போன் செய்தார். "ஒன்பது நாளாக 13க்கும் 15க்கும் நடுவிலேயே இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அடுத்த வாரமே டாக்டரைப் பார்க்க வாருங்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் இங்கே எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.9 விழுக்காடு. சாப்பாட்டிலும் மாற்றமில்லை.

மீட்டர் மதுரையில் வாங்கியது. ஸ்ட்ரிப் காலாவதி ஆகவில்லை. செயலிதான் முதல் நாளிலிருந்தே தகராறு. எண்ணைப் போட்டால் 'தவறான அளவு' என்று சிவப்பாக வரும். தொடக்கநிலை ஐந்து படிக்கும் என் மகன்தான் புள்ளி வைத்துப் போட்டால் ஏற்றுக்கொள்கிறது என்று கண்டுபிடித்தான். அப்புறம் தொல்லை இல்லை.

புது மீட்டர் வாங்குவதா, செயலியை அழித்துவிட்டு மறுபடி போடுவதா?

உட்லண்ட்ஸ் வாசி

முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அத்தை கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்துகிறாரா? என் அப்பா மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்து ஒரு முறை எல்லோரையும் அலற வைத்தார். செயலியைப் புதுப்பித்து, சிங்பாஸ் மின் அடையாளக் கணக்கில் மறுபடி நுழைந்து பாருங்கள்.

ஈசூன் பழைய தாதி

கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அந்தப் புள்ளிதான் உறுத்துகிறது. இன்று காலை மீட்டரில் என்ன எண் வந்தது? பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது?

செங்காங் மருமகள்

142. பக்கத்தில் எம்ஜி/டிஎல் என்று இருக்கிறது. செயலியில் 14.2 என்று போட்டேன்.

ஈசூன் பழைய தாதி

அதுதான் விஷயம். மீட்டரும் சரி, செயலியும் சரி. அளவைதான் வேறு.

இந்தியாவில் ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். சிங்கப்பூரில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல். மில்லிகிராம் கணக்கை 18ஆல் வகுத்தால் இங்கத்திய எண் கிடைக்கும். 142ஐ வகுத்தால் 7.9. நீங்கள் பத்தால் வகுத்துவிட்டீர்கள். 14.2 என்பது ஊர்க் கணக்கில் 256! தாதி பதறியதில் தப்பே இல்லை.

உங்கள் எச்பிஏ1சியும் அதைத்தான் சொல்கிறது. 6.9 விழுக்காடு என்றால் சராசரி சர்க்கரை சுமார் 8.4 மில்லிமோல். வெறும் வயிற்றில் தினமும் 14 ஓடுகிறவருக்கு 6.9 வருவது கஷ்டம்.

செயலி மூன்று இலக்க எண்ணை மறுத்தது நியாயம்தான், மில்லிமோலில் 142 என்று ஒரு சர்க்கரை கிடையாது. ஆனால் 'தவறு' என்று கத்தத் தெரிந்த செயலிக்கு, 'உங்கள் மீட்டரின் அளவையைப் பாருங்கள்' என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம். பையனைத் திட்டாதீர்கள்.

ஒன்று முக்கியம். நாளையிலிருந்து பேசாமல் 7.9 என்று போட ஆரம்பித்துவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மீட்டர் தெரியாது, திரையில் வரும் வரைபடக் கோடு மட்டும்தான் தெரியும். 14லிருந்து ஒரே நாளில் 8க்கு விழுந்தால் வேறு ஏதோ நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். போன் செய்து அந்த ஒன்பது பதிவும் தவறு என்று சொல்லிவிடுங்கள். போகும்போது மீட்டரையே எடுத்துப் போங்கள், பழைய அளவுகள் அதன் நினைவகத்தில் இருக்கும்.

தெம்பனிஸ் மருந்தாளர்

அக்கா சொன்னதோடு இன்னொன்று. போன் வந்த பிறகு அத்தை பயந்துபோய்க் கூடுதலாக மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டாரா? அவரிடமே கேளுங்கள்.

செங்காங் மருமகள்

கேட்டேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. மதுரையிலிருந்து கொண்டு வந்த பழைய மாத்திரையை நேற்றும் இன்றும் காலையில் சேர்த்துப் போட்டிருக்கிறார். அட்டையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் போட்டிருக்கிறது. இங்கே கொடுத்தது மெட்ஃபார்மின் மட்டும். இப்போது லேசாக வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்கிறார். பசி என்று நினைத்தாராம். மீட்டரில் 66.

தெம்பனிஸ் மருந்தாளர்

66 என்றால் 3.7. நான்குக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 72க்குக் கீழே, அதாவது நான்குக்குக் கீழே, இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிடச் சொல்லுங்கள். மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு சீக்கிரம் அடங்காது, இன்று முழுக்க அவ்வப்போது பார்க்க வேண்டும். மருந்தகத்துக்கு இப்போதே போன் செய்து இதையும் சொல்லுங்கள்.

செங்காங் மருமகள்

இரண்டாவது முறை பார்த்தபோது 94. இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். தாதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நாளை காலையே வரச் சொன்னார். நேரில் பார்த்தால் உங்கள் இருவர் காலிலும் விழுவேன்.

தெம்பனிஸ் மருந்தாளர்

அதெல்லாம் வேண்டாம். ஊரிலிருந்து வந்த மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011இலிருந்து இருக்கிறது, ஆனால் அதில் வருவது இங்குள்ள மருத்துவமனைகளும் மருந்தகங்களும் போட்டவை. மதுரை மருந்துக்கடையில் வாங்கியது டாக்டரின் திரையில் தெரியாது. கவுண்டரில் நான் தினமும் பார்ப்பது இதுதான். "எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமே" என்பார்கள்.

செங்காங் மருமகள்

போய்விட்டு வந்தோம். ஒன்பது பதிவுகளையும் பிழை என்று குறித்துக்கொண்டார்கள். மாத்திரையில் மாற்றம் இல்லை, பழைய அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மில்லிமோலில் காட்டும் புது மீட்டரும் வாங்கியாயிற்று. பழையதில் அளவையை மாற்ற வழியே இல்லையாம், தயாரிக்கும்போதே பூட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. அத்தை இப்போது ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மதுரையில் 1.1 இருந்த கிரியாட்டினின் இங்கே 97 ஆகிவிட்டது, சிறுநீரகம் போயிற்று என்று அழுகிறார். அதையும் 18ஆல்தான் வகுக்க வேண்டுமா?

ஈசூன் பழைய தாதி

இல்லை தங்கச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கிரியாட்டினினுக்கு 88.4. 1.1ஐ அதால் பெருக்கிப் பாருங்கள், 97தான் வரும். இம்மிகூட மாறவில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். கொலஸ்டிராலுக்கு 38.67ஆல் வகுக்க வேண்டும், ஊரில் 200 என்றால் இங்கே 5.2. எச்பிஏ1சி மட்டும் இரண்டு ஊரிலும் விழுக்காடுதான், அதில் கை வைக்காதீர்கள்.